வெங்காயம் அழ வைக்காவிட்டால் நமக்கு லாபமா, நஷ்டமா?

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் போதும், கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர்! 'எரிச்சல் இல்லாத வெங்காயத்தை யாராவது கண்டுபிடிக்கக் கூடாதா?' என்று ஒரு தடவையாவது அலுத்துக்கொண்டிருப்பீர்கள். கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால், கண்ணீரோடு சேர்ந்து வேறு சிலதும் போய்விடுமோ என்பதுதான் இப்போது கேள்வி.

கத்தி பட்டதும் என்ன நடக்கிறது?

முழு வெங்காயத்துக்குக் காரமான நெடி கிடையாது. கவனித்திருக்கிறீர்களா? அதன் செல்லுக்குள் கந்தகம் கலந்த பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் 'அல்லினேஸ்' என்ற என்சைம் வேறொரு அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டால் நடுச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அடுத்து, இரண்டாவது என்சைம் ஒன்று வேலை செய்து ஒரு வாயுவை உண்டாக்குகிறது. அந்த வாயு கண்ணைத் தொட்டதும், கண் தன்னைக் கழுவிக்கொள்ள நீரைச் சுரக்கிறது. அவ்வளவுதான்!

பூண்டிலும் முதல் பாதி கதை இதேதான். நசுக்கினதும் அல்லினேஸ் 'அல்லிசின்' உருவாக வழி செய்கிறது. பூண்டின் வாசனைக்கும் கிருமிகளை எதிர்க்கும் குணத்துக்கும் இதுதான் முக்கியக் காரணம்.

இரண்டு வழி, இரண்டு விளைவு

ஒரே என்சைம்தான் எல்லாவற்றையும் செய்கிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கண்ணீருக்கென்றே தனி என்சைம் இருப்பதை 2002-ல் ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரப்படும் 'இக் நோபல்' பரிசு 2013-ல் இதற்குக் கிடைத்தது.

2008-ல் நியூசிலாந்து விஞ்ஞானிகள் அந்தக் கண்ணீர் என்சைமின் ஜீனை மட்டும் அடக்கிக் காட்டினார்கள். கண் எரியவில்லை. முதல் என்சைம் வழக்கம்போல வேலை செய்வதால், நல்ல கந்தகப் பொருள்கள் அப்படியே உருவாகின்றன.

ஜப்பானில் பிறகு விற்பனைக்கு வந்த 'ஸ்மைல் பால்' வெங்காயம் வேறு ரகம். இதில் முதல் என்சைமே ஏறக்குறைய வேலை செய்வதில்லை. பச்சையாகக் கடித்தால் பழம் மாதிரி இனிக்கும். ஆனால், அந்தக் கந்தகப் பொருள்களும் மிகக் குறைவாகவே உருவாகும்.

அது போனால் என்ன என்கிறீர்களா? பரிசோதனைச் சாலையில் பார்த்தபோது, காரமான வெங்காயத்தின் சாறுதான் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அதிகம் தடுத்தது. (அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு வெங்காயம் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை!) இன்னொன்று, காரமும் சத்தும் கெட்டியாக உள்ள ரகங்கள்தான் பொதுவாக அதிக நாள் கெடாமல் இருக்கும். இனிப்பு வெங்காயத்தில் நீர் அதிகம், சீக்கிரம் அழுகும்.

நமக்கு எது அவசரம்?

நம் நாட்டில் கண்ணீரைவிட அழுகல்தான் பெரிய பிரச்னை. ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாகும் வெங்காயம் அக்டோபர், நவம்பர் வரை தாங்க வேண்டும். அதற்குள் அழுகியும், முளைத்தும், காய்ந்தும் கால்வாசிக்கு மேல் வீணாகிறது. அந்தச் சமயத்தில் மழையும் புதுப்பயிரைக் கெடுத்துவிட்டால் விலை எகிறுகிறது. 2019 கடைசியில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அதனால்தான் புனே அருகே ராஜகுருநகரில் உள்ள வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி இயக்ககம் 'பீமா சக்தி', 'பீமா கிரண்' போன்ற இருப்பு வைக்கத் தக்க ரகங்களைக் கொண்டுவந்தது.

ஆனால், புது ரகம் உருவாக்குவது லேசான காரியம் இல்லீங்க! வெங்காயம் ஒரு பருவத்தில் காயாகி, அடுத்த பருவத்தில்தான் பூத்து விதை தரும். ஒட்டு விதைக்கு ஏற்ற தாய்ச்செடியா என்று கலப்பு செய்து உறுதிப்படுத்த 4 முதல் 8 வருஷம் ஆகும். டி.என்.ஏ. சோதனையில் நாற்றின் ஓர் இலையை வைத்தே அதைச் சொல்லிவிடலாம்.

இதற்குத்தான் ஜீன் வரைபடம் தேவை. வெங்காயத்தின் டி.என்.ஏ.வில் சுமார் 1,600 கோடி எழுத்துகள். மனிதனுக்கு இருப்பதைப் போல ஐந்து மடங்கு! பூண்டும் ஏறக்குறைய அதே அளவுதான். பூண்டின் வரைபடம் 2020-லும், வெங்காயத்தினுடையது 2021-லும் வெளியாயின. எந்த ஜீன் காரத்துக்கு, எது இருப்புக்கு என்று தெரிந்தால் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விலக்கலாம்.

பூண்டின் கஷ்டம் வேறு. விதை கிடையாது, பல்லைத்தான் நட வேண்டும். அதனால் வைரஸ் நோயும் பரம்பரைச் சொத்து மாதிரி தொடர்கிறது. நுனிக் குருத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வைரஸ் இல்லாத பூண்டை எடுக்கிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கொடைக்கானல் மலைப்பூண்டும் பல் நட்டுத்தான் விளைகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* பூண்டை நசுக்கி, பத்து நிமிடம் விட்டு, பிறகு அடுப்பில் போடுங்கள். உடனே சூடுபட்டால் என்சைம் செத்துவிடும், அல்லிசின் உருவாகாது.

* வெங்காயத்தின் காய்ந்த தோலை மட்டும் உரியுங்கள். 'குவர்செடின்' என்ற சத்து வெளி அடுக்குகளில்தான் அதிகம்.

* நறுக்குமுன் சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கூரான கத்தியால் நறுக்குங்கள். கண்ணீர் குறையும்.

* பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். காற்றாடும் கூடையில், உருளைக்கிழங்கோடு சேர்க்காமல் வையுங்கள்.

* ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் பூண்டு மாத்திரை சாப்பிடக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பும் சொல்லிவிடுங்கள்.

கண்ணீர் வராத, அதே சமயம் காரசாரமும் குணமும் குறையாத, கார்த்திகை வரை கெடாத வெங்காயம்தான் நமக்கு வேண்டும். அது கைக்கு வரும்வரை, கொஞ்சம் அழுதாலும் பரவாயில்லை. உடம்புக்கு நல்லதுதான்!