இருநூறில் ஐந்து!

சென்னையிலிருந்து நண்பன் ஒருவன் பாண்டிச்சேரிக்கு வந்திருந்தான். ''புரிஞ்சு போச்சு!'' என்று நீங்கள் கண்ணடிப்பது தெரிகிறது. அட, அதுக்கில்லை ஸார்! ஆபீஸில் 'டீம் பில்டிங்'காம். ஈ.சி.ஆர். ரிசார்ட் ஒன்றில் இரண்டு நாள்.

முப்பத்தைந்து வயசு அக்கவுண்டன்ட்டின் வாயில் ஸ்பூன், ஸ்பூனில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் மேனேஜர் இடுப்பு வரை சாக்குக்குள் நின்று குதிக்கிறார். கடைசியில் ஆளுக்கொரு சார்ட் பேப்பர் கொடுத்துப் படம் வரையச் சொன்னார்களாம். நம்ம ஆள் வரைந்தது: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம். மூணாங் கிளாஸில் வரைந்த அதே படம்! அதற்கப்புறம் அவன் கையில் யாரும் க்ரேயான் கொடுக்கவே இல்லை, பாவம்.

''தலைக்கு எவ்வளவுடா செலவு?'' என்றேன். சொன்னான். எலுமிச்சம்பழத்தை நான் கடித்த மாதிரி ஆகிவிட்டது.

சாயந்திரம் அவனைக் கடற்கரையோரமாக வடக்கே நடத்திக் கூட்டிப் போனேன். குருசுக்குப்பம் தாண்டினால் வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் மீனவர் குப்பம். மற்ற நாட்களில் வலை, படகு, மீன் வாசனை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடியன்கள்.

சந்துக்குள் சடுகுடு நடந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் மூன்று சண்டை, மூன்று சமாதானம். நடுவர் யாரும் இல்லை. ஓரமாக உட்கார்ந்து ஒரு வாண்டு தெர்மாகோல் துண்டில் குச்சி செருகி, துணிக் கிழிசலைப் பாயாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

''எங்க ஹெச்.ஆர். இதைத்தாண்டா ரெண்டு நாளா கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினாரு!'' என்றான் நண்பன்.

''அது சரி, மணல்லே விளையாடாம ஏன் சந்துல விளையாடறாங்க?''

நல்ல கேள்வி. 1980களின் கடைசியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் எழுப்பினார்கள். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்துவிட்டது. வடக்கே இருந்த கரையைக் கடல் அரித்துத் தின்றது. அரிப்பை நிறுத்தக் கருங்கல் கொட்டினார்கள். ஊர் தப்பியது, பிள்ளைகளின் மைதானம் போயிற்று. 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியது. ஆனால் எட்டு வயசுப் பையன் மணல் வரும்வரை எட்டு வயசிலேயே காத்திருப்பானா?

அதனால்தான் எனக்கு ஒரு ஆசை. நட்பு, விளையாட்டு, கைவேலை மூன்றுக்கும் சேர்த்து ஆரம்பப் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் என்ன? பை வேண்டாம், பரீட்சை வேண்டாம். திங்களன்று பெஞ்ச் மாற்றி உட்கார வேண்டும். இதுவரை பேசாத ஒருவனோடு அந்த வாரம் முழுக்க ஜோடி. செவ்வாய், புதனில் பாண்டி, கில்லி, சடுகுடு. (கபடியாகி 1990-ல் பீஜிங் ஆசியப் போட்டிக்கே போன ஆட்டமய்யா அது!) பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற தாத்தா யாராவது வந்து இரும்புக் குண்டு வீசும் 'பெத்தாங்க்' சொல்லித் தரலாம். வியாழன் களிமண், வர்ணம். வெள்ளிக்கிழமை நாடகம், அதுவும் சாயந்திரம். மீன் விற்கப் போன அம்மாக்கள் திரும்பி வந்து பார்க்க வேண்டுமே!

''படிப்பு கெட்டுப் போகுமே?'' என்பீர்கள். நான் பி.காம். கணக்கு காட்டுகிறேன். 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்தில் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம். அதில் ஐந்து நாள் என்பது 20 மணி நேரம். நூற்றுக்கு இரண்டரை! விளையாட்டு மைதானமும் விளையாட்டுச் சாமானும் வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பேச்சிழந்து நின்ற கடலோரக் குழந்தைகளைத் தேற்ற, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களிடம் பயிற்சி பெற்ற தொண்டர்கள் கையாண்டது விளையாட்டு, படம், கதை. அவ்வளவு பெரிய துக்கத்துக்கே அது மருந்து என்றால், சாதா நாளில் டானிக்காவது ஆகாதா?

என் அனுபவம் ஒன்று. நாலாங் கிளாஸில் என் பக்கத்து பெஞ்ச் பையன் கடலோரத்துக்காரன். ஏழாம் வாய்ப்பாடு வராது. பாதி நாள் பெஞ்ச் மேல்தான் நிற்பான். ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் ஒரு நாள் களிமண் கொடுத்தார்கள். முதல் ரேங்க் ஆசாமியான நான் செய்தது பாம்பு. (உருட்டினால் வேறென்ன வரும்?) அவன் மீன் செய்தான். செவுள், துடுப்பு, வால் எல்லாம் அப்படியே. டீச்சர், ''இது என்ன மீன்டா?'' என்றார். அவ்வளவுதான், மடை திறந்தது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கொடுவா, கிழங்கான், காரப்பொடி... டீச்சர் போர்டில் எழுத எழுத, நாங்கள் நாற்பது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். அன்றைக்கு அவன்தான் வாத்தியார்.

அடுத்த வாரம் வாய்ப்பாடு திரும்பி வந்தது. களிமண் வரவேயில்லை. ஏழாங் கிளாஸோடு அவன் நின்றுவிட்டான். வருஷத்துக்கு ஐந்து நாள் அவன் வாத்தியாராக இருந்திருந்தால், மீதி 195 நாளும் பெஞ்ச் மேல் நிற்க மனசு வந்திருக்குமோ என்னவோ.

கிளம்பும்போது தெர்மாகோல் படகுக்காரன் நண்பனை ஏற இறங்கப் பார்த்தான். ரிசார்ட்டில் கொடுத்த மெடல் இன்னும் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மனசில்லை போலிருக்கு.

''எதுக்குண்ணே குடுத்தாங்க?''

''ஸ்பூன்ல எலுமிச்சம்பழம் வச்சு ஓடினேன்டா...''

''அதுக்கெல்லாமாண்ணே மெடலு?''

நண்பன் பதில் பேசவில்லை. மெடலைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். பையன் அதையும் கழற்றினான். படகில் நங்கூரமாகக் கட்டிவிட்டு, மறுபடி பாயைச் சரிபண்ணக் குனிந்துகொண்டான்.