காதால் வாசிப்பவர்களும் நமது இணையத்தளங்களும்

செவன் கிங்ஸ் புகையிரத நிலையத்திலிருந்து சில நிமிட நடைத்தூரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வசிக்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் 'மாஸ்ரர்'. யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர். முதுமையில் வரும் விழித்திரை நோயால் அவருடைய நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் ஆளும் வெளிச்சமும் தெரியும்; எழுத்துத் தெரியாது. மனைவி இருந்தவரை தினமும் அவருக்கு வாசித்துக் காட்டுவார். அவர் காலமானபின் வீட்டில் வாசிப்பும் நின்றுபோயிற்று.

போன மாரியில் ஒருநாள் மாஸ்ரர் என்னிடம் சொன்னார்: "தம்பி, 2002இல நான் எழுதின சிறுகதை ஒண்டு இணையத்தில கிடக்குது. அதை ஒருக்கால் கேக்கவேணும்."

இதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. திரைவாசிப்பான் என்பார்கள். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தருவதே அதன் வேலை. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது இலவசமானது. அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கியது; பின்னர் ஜேம்ஸ் தே என்ற இன்னொரு பார்வையற்ற நிரலாளரும் சேர்ந்துகொண்டார். அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ற சிறு குரற்பொறிக்குத் தமிழும் தெரியும். விண்டோஸிலேயே தமிழ்க் குரல் ஒன்று இருக்கிறது. அதற்கு மைக்ரோசொஃப்ட் வைத்த பெயர் 'வள்ளுவர்'.

என் மடிக்கணினியில் பாமினி எழுத்துரு இன்னமும் இருக்கிறது. ஆகவே கதை எனக்கு அழகாகவே தெரிந்தது. திரைவாசிப்பானை முடுக்கினேன். ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாக ஏதோ உளறியது. மாஸ்ரர் கொஞ்சநேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உது எந்தப் பாஷை தம்பி?" என்றார்.

காரணம் எளியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது ஒரு வேஷம். 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அக்குறிகளுக்குத் தமிழ் முகமூடி போடுவது எழுத்துரு. திரைவாசிப்பானுக்கு முகம் தெரியாது. உள்ளே இருப்பதைத்தான் அது படிக்கும்.

யுனிகோடில் அப்படியல்ல. அங்கே 'அ' என்ற எழுத்துக்கே உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண் உண்டு. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் விண்டோஸ் 2000உடன்தான் அது சாதாரண வீட்டுக் கணினிக்கு வரத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் ஆர்வத்தோடு எழுதிக் குவித்தவற்றில் ஒரு பகுதி இன்னும் பழைய குறிகளிலேயே கிடக்கிறது. மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. மாஸ்ரரின் கதையை மாற்ற எனக்குச் சில நிமிடங்கள்கூடப் பிடிக்கவில்லை.

மின்னூல்களிலும் இதே கதைதான். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சுச் செய்தார்கள். அவை இன்று யுனிகோடில் கிடைப்பதால் திரைவாசிப்பான் படித்துவிடும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பல்லாயிரம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அழியாமல் காத்திருக்கிறது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். படத்துள் இருக்கும் எழுத்து எழுத்தல்ல, மையின் நிழல். காப்பதே முதல் வேலை என்பதில் ஐயமில்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கும் வந்துவிட்டன. அவை தரும் பிரதியைத் திருத்தக் கைகள்தான் தேவை.

சரி, ஒரு சிற்றிதழ்த் தளத்தை நடத்துபவர் என்ன செய்யலாம்? மாஸ்ரருடன் உட்கார்ந்து கேட்டதில் நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

தலைப்பையும் கவிதையையும் அலங்காரப் படமாகப் போடாதீர்கள். போட்டால், படத்துக்கான மாற்றுரையில் அதே சொற்களை எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் காதால் வாசிப்பவருக்கு அங்கே கவிதையே இல்லை.

தலைப்பைத் தலைப்பென்றே குறியிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்குவது போதாது. பார்வையுள்ளவர் பக்கத்தை ஒருமுறை மேய்ந்து வேண்டியதைப் பிடித்துக்கொள்வார். பார்வையற்றவர் ஒரு விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார். குறியீடு இல்லையேல் தாவ வழியில்லை. முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

இணைப்புகளுக்கு 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாதீர்கள். இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பவருக்கு 'இங்கே, இங்கே, இங்கே' என்றுதான் ஒலிக்கும். கதையின் பெயரையே இணைப்பாக்குங்கள்.

பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் அறிவியுங்கள். ஆங்கிலம் என்று குறித்திருந்தால் ஆங்கிலக் குரல் வந்து நிற்கும். தமிழெழுத்தைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப்போகும் குரல்களும் உண்டு. அழகுக்காக 'சி று க தை' என்று எழுத்துக்களுக்கிடையே வெளி விடுவதும் வேண்டாம். அது ஒரு சொல்லாகக் கேட்காது.

இவை புதிய விதிகளல்ல. உலகளாவிய வலைச் சங்கம் தனது முதல் வழிகாட்டியை 1999இலேயே வெளியிட்டது. அதே ஆண்டு புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர், சிட்னி ஒலிம்பிக் இணையத்தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்று முறையிட்டார். படங்களுக்கு மாற்றுரை இல்லாததும் அவரது முறைப்பாடுகளில் ஒன்று. 2000இல் அவர் பக்கம் தீர்ப்பாகி, ஏற்பாட்டுக் குழு 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், சேவை வழங்குவோர் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்யவேண்டும் என்கிறது. பொதுத்துறைத் தளங்களுக்கு 2018இல் தனி ஒழுங்குவிதிகளே வந்தன. ஆகவே எங்கள் நகரசபையின் தளத்தில் குப்பை எடுக்கும் நாளை அறிய மாஸ்ரருக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. ஒரு தமிழ்ச் சிறுகதையை வாசிக்க நம்முடைய அக்கறை மட்டுமே துணை.

ஓய்வு நேரத்தில், கைக்காசு போட்டுத் தளம் நடத்துபவர்களிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வது நியாயமல்ல. இன்று ஏற்றும் புதிய பக்கத்தில் தொடங்கலாம். பிறகு, வாரம் ஒரு பழைய பக்கம். நம் வாசகர்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது. இன்று மாஸ்ரருக்குச் செய்வது நாளை நமக்கும் உதவும்.

மாற்றிய கதையை அவருக்குப் போட்டுக்காட்டினேன். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமானது, உணர்ச்சி கிடையாது. மாஸ்ரர் தலையைச் சாய்த்து, அசையாமல் கேட்டார். நடுவில் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டும் தம்பி. 'கதவைத் திறந்தாள்' எண்டெல்லோ வரவேணும். 'த்' கேக்கேல்லை."

பார்த்தேன். உண்மைதான், ஒற்று இல்லை.

"இத்தனை வருசமா உந்தப் பிழையோட கிடந்திருக்கு. திருத்திவிடும்" என்றார்.

திருத்திவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன்.