இன்ஹேலர்: மெதுவா இழுக்கணுமா, வேகமா இழுக்கணுமா?

ஆட்டையாம்பட்டின்னா எல்லாருக்கும் கை முறுக்கு ஞாபகம் வரும். எனக்கு எங்க அம்மாயியோட இளைப்புச் சத்தம்தான் ஞாபகம் வரும். வீட்டுக்குள்ள முறுக்கு சுடுற அடுப்புப் புகை, பக்கத்துத் தறிக்கூடத்துல இருந்து பஞ்சுத்தூசு. ஆஸ்துமாக்காரங்களுக்கு ரெண்டுமே ஆகாது. டாக்டர் இன்ஹேலர் எழுதினப்போ, "மாத்திரையே போதும் கண்ணு, இதை இழுத்தா பழகிப்போயிடும்" என்றார்கள்.

உண்மையில் கணக்கு வேறு. சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம் என்றால், ஸ்பிரே இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு வருவது 100 மைக்ரோகிராம். 40-ல் ஒரு பங்கு! மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் அது போதும். கை நடுக்கம், படபடப்பும் குறைவு.

இந்த ஸ்பிரே வந்த கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மைசனின் மகளுக்கு ஆஸ்துமா. 'ஹேர் ஸ்பிரே மாதிரி மருந்தையும் அடிக்க முடியாதா?' என்று அந்தப் பெண் கேட்டதில் தொடங்கி, 1956-ல் விற்பனைக்கே வந்துவிட்டது.

ஆனா, ஸ்பிரேயில் ஒரு சிக்கல். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்துற அதே நொடியில் *மெதுவா* உள்ளே இழுக்கணும். 10 விநாடி அடக்கணும். அவசரப்பட்டு இழுத்தா மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கும். இந்த டைமிங் வராதவங்களுக்குத்தான் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை. மருந்து அதுக்குள்ள நிக்கும், நிதானமா இழுத்துக்கலாம். குழந்தைகளுக்கு மாஸ்க்கோடும் கிடைக்கும்.

ரோட்டாஹேலர் மாதிரி பவுடர் வகை இதுக்கு நேர்எதிர். வாயு கிடையாது, நம்ம மூச்சுதான் இன்ஜின். கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகி, *வேகமா, ஆழமா* இழுக்கணும். அதுக்குள்ள ஊதக் கூடாது, ஈரத்துல பவுடர் கட்டிக்கும். அம்மாயிக்கு முதலில் கொடுத்தது இதுதான். மூணு நாள் கழிச்சுப் பார்த்தா, கேப்ஸ்யூலைத் தண்ணி ஊத்தி விழுங்கிக்கிட்டிருக்காங்க! சொல்லிக்கொடுத்த பிறகும் வேகமா இழுக்கத் தெம்பில்லை. டாக்டர் ஸ்பேசரோட ஸ்பிரேக்கு மாத்தினார்.

நெபுலைசர்தான் 'பவர்' ஜாஸ்தின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சாதாரண, மிதமான இளைப்புக்கு ஸ்பேசரோட ஸ்பிரேயே அதே வேலையைச் செய்யும், கரன்ட்டும் வேண்டாம். ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலை, உதடு நீலமாகுதுன்னா மட்டும் வீட்டுல கைவைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. ஸ்பிரேயை அடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இன்னொண்ணு, சால்பியூட்டமால் இழுப்பை மட்டும்தான் தற்காலிகமா தணிக்கும். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும். அதைக் குறைக்க ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் வேணும். சால்பியூட்டமாலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019-லேயே சொல்லிவிட்டது. ஸ்டீராய்டு இழுத்ததும் வாய் கொப்புளிச்சுத் துப்பிடணும், இல்லேன்னா வாய்ப்புண் வரும்.

ஸ்பேசரை அம்மாயி முந்தானையால பளபளன்னு துடைச்சு வைப்பாங்க. அதுவும் தப்பாம். துடைச்சா நிலைமின்சாரம் உருவாகி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கும். சோப்புத் தண்ணியில அலசி, அப்படியே காய விடணும். இப்போ எங்க வீட்டு அடுக்களையில டம்ளருங்க பக்கத்துல அதுவும் கவுந்து காயுது.