கோடுகளாய்த் தெரியும் சந்திர மார்க்கங்கள்

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்றே மேலாக அமைந்த பினாங்கில், ஜார்ஜ் டவுன் எஸ்பிளனேட் கடலோரத்தில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்கு, உச்சிக்கருகே பிரகாசிக்கும் வியாழக் கிரகம் ஒற்றை ஒளிப்புள்ளியாகவே காட்சி தருமாயினும், 1610-இல் கலிலியோ தம் தொலைநோக்கியால் கண்ட அதன் நான்கு சந்திரர்களையும், அவை சஞ்சரிக்கும் மார்க்கங்களையும், ஸ்டெல்லேரியம் என்னும் இலவச மென்பொருள் மடிக்கணினித் திரையில் வரைந்து காட்டிவிடுகிறது.

வியாழனைத் தேர்ந்து பெரிதாக்கி, சுற்றுப்பாதைகளைக் காட்டும் வசதியை இயக்கினால், வட்டங்களை எதிர்பார்த்தவர் காண்பது நசுங்கிய வளையல்களையொத்த கோடுகளையே. அப்பாதைகளை நாம் ஏறத்தாழ விளிம்பிலிருந்து பார்ப்பதே அதற்குக் காரணம்.

திரையில் காலத்தை வேகமாக ஓடவிட்டாலோ, அந்த நான்கு சந்திரர்களில் கானிமீட் 7.15 நாளில் ஒரு பிரதட்சிணம் முடிப்பதற்குள், யூரோப்பா இரண்டும் அயோ நான்கும் முடித்துவிடும் தாளக்கணக்கு புலனாகும். 16.69 நாள் எடுத்துக்கொள்ளும் காலிஸ்டோ மட்டும் அந்தத் தாளத்தில் சேராமல் தனித்தே நடக்கிறது.