நிறவெறியும் திருச்சபையும்

அரசு கொடுமை செய்தால் சமயம் அதைக் கண்டிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சமயமே அக்கொடுமைக்கு வித்திட்டிருந்தால்? தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு இவ்வினாவைத்தான் எழுப்புகிறது.

கிறித்தவ வழிபாட்டில் திருவிருந்து என்பது அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் சடங்கு. அதில் நிறவேற்றுமை கூடாது என்று 1829-ஆம் ஆண்டிலேயே அச்சபையின் பேரவை முடிவு செய்திருந்தது. ஆயினும் வெள்ளையரல்லாதாரோடு ஒன்றாக அமர வெள்ளையர் சிலர் விரும்பவில்லை. 1857-இல் கூடிய பேரவை, எல்லாரும் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியே வழிபடலாம் என்றும் இசைவு தந்தது.

சலுகை வழக்கமாயிற்று, வழக்கம் கொள்கையாயிற்று. 1881-இல் கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையே அமைந்தது. காலப்போக்கில் கறுப்பருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று எனப் பிரிவினை வளர்ந்தது. 1948-இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இன ஒதுக்கலை நாட்டின் சட்டமாக்கியது. அப்போது பிரதமரான டி. எஃப். மலான், அத்திருச்சபையில் முன்பு போதகராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

எதிர்க்குரலும் உள்ளிருந்தே எழுந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவலர்கள் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் காட்டெஸ்லோவில் கூடிய திருச்சபைத் தலைவர்கள், நிறத்தைக் காட்டி எவரையும் வழிபாட்டிலிருந்து விலக்கலாகாது என்றனர். அரசு சினந்தது, வெள்ளையர் சபை பின்வாங்கியது. பின்வாங்க மறுத்த போதகர் பேயர்ஸ் நௌடே, 1963-இல் தம் பதவியைத் துறந்தார். 1977 முதல் 1984 வரை அரசின் தடையுத்தரவுக்கும் ஆளானார்.

1982 ஆகஸ்டில் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, இன ஒதுக்கல் பாவம் என்றும், அதற்கு வேதத்தைச் சான்று காட்டுவது வேதப்புரட்டு என்றும் அறிவித்தது. இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. கலப்பினத்தவரான ஆலன் புசாக்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அதே ஆண்டு அக்டோபரில், கேப் டவுனை அடுத்த பெல்ஹாரில், கலப்பினத்தவரின் சபை ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. வெறும் கண்டனத் தீர்மானம் போதாதா என்று கேட்கலாம். தீர்மானம் அரசியல் கருத்தாக நின்றுவிடும். விசுவாச அறிக்கையோ, இதை மறுப்பவன் நற்செய்தியையே மறுக்கிறான் என்று சொல்வதாகும். ஒற்றுமை, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றும் அதன் தூண்கள். நிறம் சபை உறுப்புரிமைக்கு அளவுகோல் ஆகாது. கடவுள் ஏழையின் பக்கமும் அநீதிக்கு ஆளானவனின் பக்கமும் நிற்கிறார். சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். இது எந்த மனிதரையும் தாக்குவதற்கன்று, பொய்ப் போதனையை எதிர்ப்பதற்கே என்று உடன் சென்ற கடிதம் விளக்கியது. ஒடுக்கப்பட்டவர்களே ஒடுக்கியவர்களை ஒப்புரவுக்கு அழைத்தார்கள் என்பதே இதன் பெருமை!

1986-இல் அந்த அறிக்கை முறைப்படி ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் வெள்ளையர் சபையும் எல்லா இனத்தாருக்கும் தன் கதவைத் திறந்தது. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் மாநாட்டில் பேராசிரியர் வில்லி யோங்கர் தம் குற்றத்தையும் தம் சபையின் குற்றத்தையும் அறிக்கையிட்டு மன்னிப்பு வேண்டினார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு மன்னித்தோம் என்றார். 1994 ஏப்ரலில், நாட்டின் முதல் அனைத்தினத் தேர்தல் நடந்த அதே மாதத்தில், கலப்பினத்தவர் சபையும் கறுப்பர் சபையும் இணைந்தன.

ஆனால் வெள்ளையர் சபையோடு முழு இணைப்பு இன்னும் கைகூடவில்லை. சிலருடைய பலவீனத்துக்காக ஒரு நாள் இட்ட கோட்டை அழிக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் போதவில்லை. நண்பர்களே, அநீதிக்குச் சிறு சலுகை தந்தால் என்ன கெட்டுவிடும் என்று எவரேனும் கேட்டால், 1857-ஐ நினைவூட்டுங்கள்.