தோட்டத்து வீட்டுக்குத் திருடன் ஏன் வந்தான்?

பல்லடத்திலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே போனால் பொங்கலூர். சாலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். தென்னந்தோப்பு, சோளக்காடு, கோழிப் பண்ணை; நடுவே தன்னந்தனியாக ஒரு வீடு. கொங்கு நாட்டார் இதைத் தோட்டத்துச் சாளை என்பார்கள். கூப்பிடு தூரத்தில் அடுத்த வீடு கிடையாது. பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பார்கள். அல்லது கோயமுத்தூரிலோ வெளிநாட்டிலோ உத்தியோகம். சாளையில் மிஞ்சுவது அநேகமாக ஒரு தாத்தா, ஒரு பாட்டி, ஒரு நாய்.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், இப்படிப்பட்ட ஒரு வீட்டில் வயதான தம்பதியும் அவர்கள் மகனும் இரவோடு இரவாகக் கொல்லப்பட்டார்கள். நகை போயிற்று. சில மாதங்கள் கழித்து ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் இன்னொரு முதிய தம்பதிக்கு அதே கதி. 2025 மே மாதம் போலீஸார் சிலரைக் கைது செய்து, இரண்டு சம்பவங்களிலும் அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்று அறிவித்தார்கள். குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் வேலை. நமக்கு வேண்டியது வேறு விஷயம்.

திருடன் ஏன் திருடுகிறான்? "வறுமை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். இந்த வட்டாரத்தில் அந்தக் கணக்கு சரியாக வரவில்லை. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் தறிச் சத்தமே இல்லை. அடுப்பு எப்படி எரிந்தது என்று அந்த வீட்டுப் பெண்களைத்தான் கேட்க வேண்டும். கையிலிருக்கும் குண்டுமணித் தங்கம் அடகுக் கடைக்குப் போவதெல்லாம் இப்படிப்பட்ட நாட்களில்தான். அதற்காக ஊரே திருடப் புறப்பட்டு விடவில்லையே!

வயிற்றுக்கும் திருட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் கொள்ளைகள் பெருகின. 1918-ல் அரிசி விலை ஏறியபோது ஜனங்கள் கடைகளை உடைத்துத் தானியத்தையும் துணியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கும் முன்னால் நடந்தது இன்னும் விசித்திரம். பொதி மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றுப் பிழைத்தவர்கள் குறவர்கள். ரயில் வந்தது, சர்க்கார் உப்பைத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டது. பிழைப்புப் போனவர்களை, "பிறவிக் குற்றவாளிகள்" என்று அதே சர்க்கார் பட்டியலில் எழுதிற்று! 1871-ல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு இங்கே வந்தது. கைரேகை வைக்கச் சொன்னதால் ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். அதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து, பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-ல். தேசம் முழுவதும் 1952-ல்.

சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழிந்ததா? எங்கே களவு போனாலும், வடக்கேயிருந்து பிழைக்க வந்த தொழிலாளியைத்தான் முதலில் முறைத்துப் பார்க்கிறோம். மேற்படி வழக்கில் கைதானவர்களோ பக்கத்து அறச்சலூர்க்காரர்கள். நம் வீட்டிலும் ஒரு குட்டி ரேகைச் சட்டம் உண்டு, சகோதரிகளே! மோதிரத்தைக் காணோம் என்றால் முதல் விசாரணை பாத்திரம் தேய்க்கும் அம்மாளிடம். மோதிரம் குளியலறை மாடத்திலேயே கிடந்திருக்கும். அவள் மனத்தில் விழுந்த கீறலை யார் தேடி எடுப்பது?

சரி, தோட்டத்து வீட்டுக்கு வருவோம். "பாங்க் லாக்கரில் வைக்கக்கூடாதா?" என்று பட்டணத்துப் பெண் கேட்பாள். கேட்பது சுலபம். நிலம் கணவர் பெயரில், பிறகு மகன்கள் பெயரில். பாட்டி தன்னுடையது என்று தொட்டுப் பார்க்கக் கூடியது அந்த நாலு பவுன்தான். பேத்தி சடங்குக்கு ஒரு தோடு, அவசரத்துக்கு ஒரு அடகு, எல்லாம் அதிலிருந்து. லாக்கருக்குப் போக வேண்டுமென்றால், அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் திருப்பூரில் இருக்கிறானே!

அந்த நாலு பவுனின் மதிப்போ பாட்டி அறியாமலே ஏறிக்கொண்டிருந்தது. 2025-ல் ஒரு பவுன் 70,000 ரூபாயைத் தாண்டிற்று. கழுத்துச் சங்கிலி ஒரு கூலிக்காரரின் ஒரு வருஷச் சம்பாத்தியத்துக்குச் சமமானால், அதன்மேல் கண் விழாதா? அதோடு, தங்கத்தை உருக்கிவிட்டால் அது யாருடையது என்று அதற்கே தெரியாது. உருக்கித் தர ஒருவர் வேண்டும். சிவகிரி வழக்கில் நகைத் தொழிலாளி ஒருவரும் கைதானார். திருடனைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். வாங்குகிறவரைப் பற்றி எப்போதாவது பேசுகிறோமா?

2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒரு புதுமை உண்டு. களவு போனது 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவை தவறியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதில் சமூக சேவைதான் தண்டனை. பசிக்குத் திருடியவனுக்கு அது ஒரு வழி. ஆனால் அந்தச் சட்டம் வந்த நாளிலேயே ஒரு கிராம் தங்கத்தின் விலை 5,000-க்கு மேல். பாட்டியின் மூக்குத்திகூட அந்தச் சலுகைக்குள் அடங்குவது கஷ்டம்.