வீட்டிலே ஒரு சாயப்பட்டறை

குழந்தைகளுக்கு வீட்டிலேயே சித்திரம் கற்பிப்பதென்று தாய்மார் தீர்மானித்துவிட்டால், முதல் யாத்திரை கடைத்தெருவுக்குத்தான். மெழுகு வர்ணக் குச்சி, நீர் வர்ணப் பெட்டி, ஸ்கெட்ச் பேனா என்று கடைக்காரர் ஒவ்வொன்றாய் எடுத்து வைப்பார். இரண்டே நாளில் குச்சிகள் ஒடியும். பேனா மூடிகள் மாயமாகும். அது போகட்டும். திருப்பூரில் வளரும் குழந்தை அவசியம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. இந்த வர்ணம் எங்கிருந்து வருகிறது? கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? பெட்டி வர்ணம் இவ்விரண்டுக்கும் விடை சொல்லாது.

ஆகையால் எங்கள் வீட்டுச் சித்திர நேரத்தில் ஒரு புதிய ஏற்பாடு செய்தோம். வர்ணங்களை நாங்களே தயாரிப்பது. பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டுத் துணிகளில் அவற்றைத் தீட்டிப் பார்ப்பது. இந்த ஊரில் துண்டுத் துணிக்கு என்ன பஞ்சம்?

மஞ்சள் பொடியை வெந்நீரில் கரைத்தோம். அதில் சிறிது சுண்ணாம்புத் தெளிநீர் விட்டதும் சிவந்துவிட்டது. ஆரத்தித் தட்டில் நாம் காண்பதுதான். ஆனால் தங்கள் கண்ணெதிரே நிறம் மாறியபோது பிள்ளைகளுக்கு அது மாயாஜாலமாயிருந்தது. (சுண்ணாம்பைப் பெரியவர்களே கையாள வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.) சங்குப்பூவை ஊறவைத்த நீலத்தில் எலுமிச்சஞ் சாறு சொட்டினால் ஊதா, சோடா உப்புப் பட்டால் பச்சைச் சாயல். காவிக்கல்லை உரைத்து வேலம்பிசின் நீரில் குழைத்தோம். விளக்குப் புகைக்கரி கறுப்பாயிற்று.

துணிகளில் பாதியை மொட்டை மாடி வெயிலிலும், பாதியை அலமாரிக்குள்ளும் வைத்தோம். ஒரு வாரத்தில் வெயிலில் கிடந்த மஞ்சளும் சங்குப்பூவும் வெளுத்துவிட்டன. மண்ணிலிருந்து வந்த காவியும் கரியும் அசையவில்லை. உடனே மூத்தவன் தன் சட்டையைக் காட்டி, "இது மட்டும் ஏன் வெளுக்கவில்லை?" என்று கேட்டான்.

அன்றைய பாடம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பமாயிற்று. 1856-ல் லண்டனில் பதினெட்டு வயதுப் பையன் வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்கான குவினைன் மருந்தைத் தயாரிக்க முயன்று, தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். நூறாண்டு கழித்து, 1956-ல், பருத்தி இழையோடு ரஸாயன ரீதியில் பிணைந்துகொள்ளும் சாயங்கள் விற்பனைக்கு வந்தன. பனியன் துணியின் பளபளப்பான நிறங்களுக்கு இவையே பெரிதும் காரணம். ஆனால் இச்சாயத்தைத் தண்ணீரிலிருந்து இழைக்குத் தள்ள ஏராளமான உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்போ நீரிலேயே நிற்கும்.

இதையும் செய்து பார்த்தோம். வர்ண நீரில் உப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம். நீர் வற்றியது. தட்டில் உப்புப் பொருக்குத் தட்டியிருந்தது. வடிகட்டியும் உப்புப் போகவில்லை என்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டு உணர்ந்தார்கள்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து திருப்பூர் வழியே காவிரியில் கலக்கும் நொய்யலுக்கு நேர்ந்ததும் இதுவே. பாசனத்திற்கென 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுத் தேக்கமாயிற்று. கீழேயிருந்த விளைநிலங்களும் கிணறுகளும் உவர்ந்தன. உழவர்கள் நீதி கேட்டுப் போனார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரையில் சாயப்பட்டறைகளை மூடிவிட வேண்டுமென்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் நீரைச் சுத்திகரித்து, உப்பையும் பிரித்தெடுத்து, மறுபடி உபயோகிக்கும் முறை இங்கே வேரூன்றியது.

சாயத் தொழிலைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி அமைய வேண்டுமென்று 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தினார். தொழிலின் நன்மையோடு அதன் பொறுப்பையும் குழந்தை அறிவதே அக்கல்வியின் பயன் அல்லவா?

கடையில் வாங்கிய வர்ணப் பெட்டியை நாங்கள் தூக்கி எறிந்துவிடவில்லை. ஆனால் சித்திர நேரம் முடிந்து தூரிகை அலம்பிய கிண்ணத்தை எடுக்கும்போது, சின்னவள் இப்பொழுது தவறாமல் கேட்கிறாள்: "அம்மா, இதை வாழைக்கு ஊற்றலாமா? உப்பு இல்லையே?"